காதல் முறிவுக்குப் பிறகு: முதலில் போன், அப்புறம் கருவாடு

பிரிந்த வாரத்தில் யாராவது "முதல்ல உன்னை நீயே நேசி" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த வாரத்தில் அது யாராலும் ஆகாது. கையால் செய்யக்கூடிய வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில் போன். பிளாக் செய்வதா வேண்டாமா என்று பட்டிமன்றமே நடக்கும். எனக்கு அது இரண்டாம்பட்சம். நாம் மறந்துபோன மூலைகள்தான் குத்தும். கூகுள் போட்டோஸ் திடீரென்று மகாபலிபுரத்துப் படத்தைத் தூக்கிக் காட்டும். அதன் மெமரீஸ் செட்டிங்கில் ஒருவர் முகத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, மறைத்துவிடுங்கள். மேப்ஸில் லொகேஷன் ஷேரிங்கை நிறுத்துங்கள். ஸ்விக்கியில் அவர் வீட்டு முகவரியை நீக்குங்கள். படங்களை இப்போதே அழிக்க வேண்டாம். பென்டிரைவில் போட்டு நம்பகமான தோழியிடம் கொடுத்துவையுங்கள். அழிப்பதைக் கோபம் ஆறிய பிறகு யோசிக்கலாம்.

அடுத்தது வீடு. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் விஷயம் தெரிந்த மறுநாளே ஜாதகத்தைத் தூசி தட்டிவிடுவார்கள். "தீபாவளி கழியட்டும்மா, அதுவரைக்கும் பேச்செடுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொன்னேன். கெடு வைத்துச் சொன்னால் அம்மாக்கள் பொறுப்பார்கள். "இப்போதைக்கு வேண்டாம்" என்றால் தினமும் கேட்பார்கள். பொது நண்பர்களுக்கு "ஒத்துவரலை, பிரிஞ்சிட்டோம்" போதும். அவர்களை உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசினால் கதை இன்னும் ஒரு வருடம் ஓடும்.

சரி, தன்னம்பிக்கை. எரிகா ஸ்லாட்டர், வெண்டி கார்ட்னர், ஈலி ஃபிங்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரிந்தவர்களுக்கு 'நான் யார்' என்பதே மங்கிப்போகிறது, வேதனையில் அதற்கும் பங்கு உண்டு என்றது அது. படித்ததும் எனக்குக் கருவாடுதான் ஞாபகம் வந்தது. நான் பிரிந்தவருக்கு அந்த வாடை ஆகாது. சேர்ந்திருந்த காலம் முழுக்க என் சமையலறையில் நெத்திலிக் கருவாடு நுழையவே இல்லை. தூத்துக்குடிக்காரி!

ஆகவே ஒரு தாளை எடுத்து, அந்த உறவுக்காக நீங்கள் விட்டதையெல்லாம் எழுதுங்கள். பெரிய தியாகங்களைத் தேட வேண்டாம். போடாமல் மடித்து வைத்த மஞ்சள் சுடிதார், பேச்சு நின்றுபோன காலேஜ் தோழி, "நான்தான் கொண்டுபோய் விடறேனே" என்றதால் தொடாமல் விட்ட ஸ்கூட்டி. சுலபமானதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுங்கள். நான் கத்தரிக்காய், மாங்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பில் ஆரம்பித்தேன், ஜன்னலைக்கூடத் திறக்காமல். பிற்பாடு மாலை நெரிசலில் அண்ணா சாலையில் தனியாக ஸ்கூட்டி ஓட்டியபோது வந்த தைரியம், கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்ட எந்த வாசகத்திலும் வரவில்லை.

இடங்களையும் இப்படியே மீட்க வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட முடியுமா? இருவரும் மாலையில் போனீர்கள் என்றால், தோழியோடு காலையில் போங்கள்.

டைரி எழுதச் சொல்வார்கள். கொஞ்சம் கவனம். மணவாழ்வில் பிரிந்தவர்களை வைத்து உளவியலாளர் டேவிட் ஸ்பாரா குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், "ஏன் இப்படி ஆச்சு" என்று ஓயாமல் அர்த்தம் தேடுகிறவர்கள் மனதைக் கொட்டி எழுதியபோது, அன்றாட விஷயங்களை மட்டும் எழுதியவர்களைவிட மெதுவாகத்தான் தேறினார்கள். நீங்கள் அந்த ரகம் என்றால் பால் வாங்கியதையும் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததையும் எழுதினால் போதும்.

சோறும் தூக்கமும் இல்லாமல் இரண்டு வாரம் போனாலோ, செத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலோ, இந்தக் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண், கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

பரிசுப் பொருட்கள் பற்றியும் கேட்பார்கள். தங்கம் என்றால் பொது நண்பர் மூலம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் பேச்சு வராது. கடிதங்கள் பென்டிரைவ் இருக்கும் இடத்துக்கே போகட்டும். பயன்படுகிற சாமானை வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அவர் வாங்கித் தந்த பிரஸ்டீஜ் குக்கர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நல்ல குக்கர்.