தொழிற்சங்கத்தில் சேருமாறோ சேராதிருக்குமாறோ வற்புறுத்தப்பட்டால்

கொழும்பில் புதிய வேலையொன்றை ஏற்பவர், நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும் முன், தொழிற்சங்கத்தில் சேர வேண்டும் என்றோ சேரக்கூடாது என்றோ அதில் நிபந்தனை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டு திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இரண்டையுமே தொழில் வழங்குநருக்குத் தடை செய்கிறது. சங்கத்துக்குக் கட்டாயச் சந்தா வசூலிப்பதைத் தடுப்பதா என்பதை 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் மாநிலங்களிடம் விட்டதால் அங்கு நீளும் வாதம் இங்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஒதுங்கியிருக்க எண்ணுபவர் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: தான் யார் சார்பில் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன்தான் நிறுவனம் பேரம் பேசியே ஆகவேண்டும் என்பதால், விளிம்பில் நிற்கும் சங்கத்துக்கு ஒருவரின் விலகலே, என் கணிப்பில், பெரிய இழப்பு. நிபந்தனை இருந்தால், கடிதப் பிரதியுடன் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள். வாய்மொழி மிரட்டலாயின் திகதியையும் சொன்னவரின் பதவியையும் அன்றே குறித்து வையுங்கள்.