வெள்ளி தேயுமா, கறுக்குமா? ஆங்கிலத்தில் ‘மெல்ல மறைவதை’ எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள், ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கள், இரண்டொரு ஜவுளிக்காரர்கள் ஆகியோரின் ஆன்லைன் பக்கங்களுக்கு ஆங்கிலம் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளின் வரைவைத் திறந்தால், ஒரு காலத்தில் நான் போட்ட அதே தப்புகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழை, காலப்பிழை எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது, அதை விடுங்கள். அதன் கண்ணில் படாமல் நழுவுவது, கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும் சமாசாரம். தமிழில் மங்குகிறது, தேய்கிறது, வற்றுகிறது, விலகுகிறது என்று பொருளுக்குத் தகுந்தபடி பேசுகிற நாம், ஆங்கிலம் என்று வந்ததும் ‘டிஸ்அப்பியர்’, ‘ஃபேட்’ என்ற இரண்டு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டுகிறோம்.

வெள்ளியைக் கவரிங் ஆக்கிய வரி

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஒரு பட்டறைக்காரர், 92.5 (நூற்றுக்கு 92.5 பங்கு) வெள்ளியில் கொலுசு செய்கிறவர், நேர்மையான மனிதர். “கொஞ்ச நாள்ல கறுக்கும், பாலிஷ் போட்டா பழையபடி ஆயிடும்னு முன்னாடியே போட்ருங்க தம்பி, அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது” என்று சொல்லி அனுப்பினார். வேலையை எடுத்த பையன் எழுதியது: ‘த சில்வர் வில் வேர் ஆஃப் ஓவர் டைம்.’ இலக்கணம் சுத்தம். மென்பொருள் பச்சைக்கொடி காட்டிவிட்டது.

‘வேர் ஆஃப்’ என்றால் மேலே பூசியது உரசி உரசிப் போய்விடுவது. நகப்பூச்சு போவது, செருப்பின் உள்ளே அச்சடித்த கம்பெனிப் பெயர் போவது, கில்ட் போவது எல்லாம் அந்த ரகம். வெள்ளியே வேர் ஆஃப் ஆகும் என்று எழுதினால், உள்ளே இருப்பது பித்தளையோ செம்போ என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டதாகிறது. வாங்க வந்தவர்கள் “பிளேட்டடா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களில் சிலர் அந்த வரியையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி: “என் சரக்கை நானே கவரிங்னு எழுதி வச்சிருக்கேனா தம்பி?”

வெள்ளி கறுக்கும்போது உண்மையில் எதுவும் மறைவதே இல்லை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, மேலே சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலம் படிகிறது. அதாவது ஒன்று வந்து சேருகிறது. அதற்கு ஆங்கிலத்தில் ‘டார்னிஷ்’ என்ற சொல் தனியாகவே இருக்கிறது. ‘ஃபேட்’ போட்டாலும் ஒப்பேறாது. அது நிறம், வெளிச்சம், ஓசை, நினைவு ஆகியவற்றுக்கானது. கொலுசுக்கு எழுதினால் எனாமல் நிறம் வெளுத்துப் போகும் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். நான் மாற்றி எழுதிக் கொடுத்தது இது: ‘சாலிட் 92.5 சில்வர். மே டார்னிஷ் ஓவர் டைம்; எ குயிக் பாலிஷ் ரெஸ்டோர்ஸ் த ஷைன்.’

பூச்சு வேலைப் பொருளாக இருந்தால் ‘வேர் ஆஃப்’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே ‘டார்னிஷ்’ என்று போட்டு மழுப்புகிறவர்களும் உண்டு. அதை மொழிப்பிழை என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அது திருட்டு.

இதே சொல் மருந்துக்கும் வரும். பல் பிடுங்கிய பிறகு ‘த இன்ஜெக்‌ஷன் ஹேஸ் வோர்ன் ஆஃப்’ என்று டாக்டரிடம் சொன்னால், மரப்பு போய்விட்டது, இனி வலி தெரியும் என்று அர்த்தம். வலி விட்டுவிட்டது என்று சொல்ல நினைத்து இதைச் சொல்கிறார்கள், டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதித் தருகிறார்.

‘வாஸ் டிஸ்அப்பியர்டு’

ஹோம்ஸ்டே வரைவுகளில் ‘த மிஸ்ட் வாஸ் டிஸ்அப்பியர்டு’ தவறாமல் வரும். டிஸ்அப்பியர் தானாக நடப்பது, அதற்கு ‘வாஸ்’ தேவையில்லை. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தடயமே இல்லாமல் ஆக்கியது. அதுபோன்ற கொடுமைகளைப் பேசும்போதுதான் ஆங்கிலத்தில் ஒரு மனிதர் ‘வாஸ் டிஸ்அப்பியர்டு’ என்று எழுதுவார்கள். காலைக் காபியோடு ரசிக்க வேண்டிய பனிமூட்டத்துக்கு இது ஆகாது.

பனிமூட்டம்

ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கும் லேடீஸ் சீட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். முதலில் எதிரே வெள்ளைச் சுவர்தான். பிறகு அந்த வெள்ளை மெலிந்து, மலைப்பாதையின் ஒரு வளைவு தெரிந்து மறைந்து மறுபடி தெரியும். அடியில் இருந்து திரை தூக்கினாற்போல் சேலத்துக் கட்டடங்கள் வரும். ஆங்கிலக்காரனும் அப்படியேதான் சொல்கிறான்: ‘த மிஸ்ட் லிஃப்ட்ஸ்’. மெலிவதற்கு ‘தின்ஸ்’. ‘வேனிஷ்’ கண்ணிமைக்கிற நேரத்தில் காணாமல் போவதற்கு. நிறுத்தி வைத்த பைக் வேனிஷ் ஆகும்.

மேட்டூர்த் தண்ணீர்

மேட்டூர் அணைத் தண்ணீர் ஃபேட் ஆகாது. முழுக் கொள்ளளவான 120 அடியிலிருந்து நீர்மட்டம் இறங்கினால் ‘ஃபால்ஸ்’. இருப்பு குறைந்துகொண்டே வந்தால் ‘ட்விண்டில்’, அது அளவுக்கும் எண்ணிக்கைக்குமான சொல். கரையை விட்டுத் தண்ணீர் பின்வாங்கினால் ‘ரிஸீட்’. மட்டம் நன்றாகக் குறைந்த வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரிவது, தண்ணீர் ரிஸீட் ஆனதால்தான்.

‘கிராஜுவலி ஃபேட்’

மெதுவாக என்பது ஃபேடுக்குள்ளேயே இருக்கிறது. ‘கிராஜுவலி’யை அடித்துவிடுங்கள்.

‘வேன்’

தேய்வதற்கான சொல். நிலாவுக்கு, செல்வாக்குக்கு, ஆர்வத்துக்கு. தலைமுடிக்கு வேண்டாம்.

‘பீட்டர் அவுட்’

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் பேச்சில் புழங்கிய சொல். தாது ரேகை போகப் போக மெலிந்து, ஒன்றுமில்லாமல் நின்றுவிடுவது. மேக்னசைட் வெட்டும் ஊர்க்காரர்களான நமக்கு விளக்கமே வேண்டியதில்லை. சுறுசுறுப்பாக ஆரம்பித்துப் பிசுபிசுத்துப் போகிற எதற்கும் பொருந்தும்: பேச்சு, போராட்டம், காபித் தோட்டத்துக்குள் போய்ப் புல்லில் முடிகிற மண்பாதை. பேச்சு வழக்குச் சொல் என்பதால் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

‘டை அவுட்’டும் ‘ஃபேஸ் அவுட்’டும்

மொழி, வழக்கம், உயிரினம் ஆகியவை கடைசி ஒன்று வரை அற்றுப்போனால் டை அவுட். யாராவது முடிவெடுத்துப் படிப்படியாக நிறுத்தினால் ஃபேஸ் அவுட். ஒரு ஜவுளிக்காரர் தான் நிறுத்தப் போகிற டிசைனை ‘டையிங் அவுட்’ என்று வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதச் சொன்னார். கைவிட்டது அவர், பழி மட்டும் டிசைன் தலையில். ஃபேஸ் அவுட் என்று மாற்றினேன். அப்படி எழுதினால் எந்த மாதத்தோடு நிறுத்தம் என்று பதில் கேள்வி வருமே என்று நெளிந்தார். வந்தது.