ஃபர்லோ பேச்சு ஓடிட்டு இருக்கறப்ப பைலட்டுங்க கையோட செஞ்சு முடிக்க வேண்டியது

ஃபர்லோன்னா வேலைய மொத்தமா பறிக்காம, திரும்பக் கூப்பிடறேன்னு சொல்லி சம்பளம் இல்லாம வெளிய அனுப்பறது. அதப் பத்தி கம்பெனியும் யூனியனும் ஒரு ரூமுக்குள்ள உக்காந்து பேசிட்டு இருக்காங்க, வெளிய நீங்க போனையே பாத்துட்டு தூக்கம் வராம கெடக்கறீங்க. உங்களுக்காகத்தான் இத எழுதறேன். அமெரிக்க ஏர்லைன்ல பறக்கறவங்க நெலமைய வச்சுத்தான் சொல்றேன், 2020 அக்டோபர்ல என் சீனியாரிட்டி நம்பரும் ஃபர்லோ கோட்டுக்குக் கீழ விழுந்து நானும் வெளிய போனேன், அந்த மூணு மாசத்துல எத முன்னாடியே செஞ்சிருக்கணும்னு நல்லாவே புரிஞ்சுது.

மொதல்ல சீனியாரிட்டி லிஸ்ட்ட பேப்பர்ல பிரிண்ட் எடுங்க. ஃபர்லோ கீழேர்ந்து மேலதான் போகும், நீங்க எவ்ளோ நல்லா பறக்கறீங்கங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, கடைசியா சேந்தவங்க மொதல்ல வெளிய. ஒரு ஸ்கேலும் பென்சிலும் எடுத்துட்டு சமையக்கட்டு மேஜைல உக்காந்து, கம்பெனி சொல்ற எண்ணிக்கைய அடியிலேர்ந்து எண்ணி ஒரு கோடு போடுங்க. அப்புறம் உங்களுக்கு மேல இருக்கறவங்கள்ல அடுத்த ஒரு வருஷத்துல யாரெல்லாம் 65 வயசாகி ரிட்டயர் ஆகறாங்கன்னு பாத்து டிக் அடிங்க, லீவ்ல போறேன்னு எழுதிக் குடுத்தவங்க எத்தன பேருன்னு யூனியன் ரெப் கிட்ட கேட்டு, ரெண்டையும் கம்பெனி சொன்ன எண்ணிக்கைலேர்ந்து கழிங்க. நான் இப்படி கோடு போட்டப்ப எனக்குக் கீழ 40 பேர்கூட இல்ல, பயமா இருந்துச்சு, ஆனா எங்க நிக்கறோம்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் கொஞ்சம் தூங்குனேன்.

வார்ன் (WARN) லெட்டர், அதாவது ஆளக் குறைக்கப் போறோம்னு முன்கூட்டியே வர்ற நோட்டீஸ், வந்தா வேல போச்சுன்னு அர்த்தம் இல்ல. 100 பேரோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற கம்பெனி மொத்தமா ஆளக் குறைக்கணும்னா 60 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு சட்டம், அதனால பின்னால மாட்டிக்கக் கூடாதுன்னு தேவைக்கு அதிகமாவே அனுப்புவாங்க. 2020 ஜூலைல யுனைடெட் 36,000 பேருக்கு லெட்டர் அனுப்புச்சு, அக்டோபர் 1 வந்தப்ப வெளிய போனது சுமார் 13,000 பேர். பைலட்டுங்கள்ல 2,850 பேர் போயிருக்கணும், செப்டம்பர் கடைசில யூனியனோட ஒப்பந்தம் வந்து ஒருத்தர்கூட போகல. டெல்டால 1,941 பைலட்டுங்கன்னு சொன்னாங்க, உத்தரவாத மணிநேரத்துல, அதாவது மாசம் இத்தன மணிநேரத்துக்குக் கண்டிப்பா சம்பளம்னு இருக்கறதுல, 5 சதவீதம் வரைக்கும் குறைச்சுக்கறோம்னு பைலட்டுங்க ஓட்டு போட்டதுல 2022 ஜனவரி வரைக்கும் ஃபர்லோ இல்லன்னு ஆச்சு. அதனால லெட்டர கிழிச்சும் போடாதீங்க, அத பாத்து ராஜினாமாவும் எழுதாதீங்க, தேதிய குறிச்சுட்டு 60 நாள வேலைக்கு பயன்படுத்துங்க.

கம்பெனி ஏன் பேச வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் பாதி குறையும். அடியில இருக்கற நூறு பேர வெளிய அனுப்புனா அத்தோட முடியாது, அவங்க உக்காந்திருந்த சீட்டுக்கு மேல இருக்கற ஆளு எறங்கணும், கேப்டனா இருந்தவரு ஃபர்ஸ்ட் ஆபீசரா எறங்குவாரு, பெரிய பிளேன்ல இருந்தவரு சின்னதுக்கு வருவாரு, இப்படி எறங்கற ஒவ்வொருத்தருக்கும் சிமுலேட்டர்ல டிரெயினிங் குடுக்கணும், அந்தக் காலத்துல அவங்க பறக்க மாட்டாங்க ஆனா சம்பளம் போகும். பயணிங்க கூட்டம் திரும்ப வந்துச்சுன்னா அதே டிரெயினிங்க தலைகீழா இன்னொரு தடவ குடுக்கணும். அதனாலதான் முன்கூட்டியே ரிட்டயர்மென்ட், விருப்ப லீவ், மணிநேரக் குறைப்பு இதெல்லாம் கம்பெனிக்கே லாபமா வரும், யூனியன் பிடிச்சுத் தொங்கறதும் இந்த இடத்தத்தான். ரயில்வே லேபர் ஆக்ட்ங்கற தொழிலாளர் சட்டம் ஏர்லைனுக்கும் 1936லேர்ந்து இருக்கு, அதுல காண்ட்ராக்ட் காலாவதி ஆகாது, திருத்தத்துக்கு வரும், அவ்ளோதான், சட்டம் சொல்ற பேச்சுவார்த்தை படியெல்லாம் முடியற வரைக்கும் சம்பளத்தையும் விதியையும் கம்பெனி தானா மாத்த முடியாது. ஆனா ஆளக் குறைக்கற உரிமை பல காண்ட்ராக்ட்ல கம்பெனி கைலதான் இருக்கும், உங்களோடதுல ஃபர்லோ பாதுகாப்பு இருக்கா, அதுலேர்ந்து தப்பிக்க அசாதாரண சூழ்நிலைன்னு ஓட்டை வச்சிருக்காங்களான்னு அந்த பக்கத்த நீங்களே படிங்க.

யூனியனும் கம்பெனியும் பேசி முடிச்ச தற்காலிக ஒப்பந்தம் உங்க ஓட்டுக்கு வந்தா குரூப்ல யாரு கத்தறாங்கன்னு பாக்காம கால்குலேட்டர எடுங்க. உதாரணத்துக்கு மணிக்கு 100 டாலர், மாசம் 75 மணிநேரம் உத்தரவாதம், அது 70 ஆகுதுன்னா மாசம் 500 டாலர் போகுது. அத வச்சுக்கிட்டு கேள்வி கேளுங்க, பழைய மணிநேரம் எந்தத் தேதில தானா திரும்பி வரும், ஃபர்லோ இல்லங்கற வாக்கு எந்தத் தேதி வரைக்கும், எது நடந்தா அந்த வாக்கு செல்லாது, ரிட்டயர்மென்ட் பணமும் சேந்து குறையுதா. தேதி எழுதாத வாக்கு வாக்கே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். மேல இருக்கற சீனியருங்களுக்கும் ஒண்ணு, நீங்க விட்டுக் குடுக்கற அஞ்சு மணிநேரம் கீழ ஒரு குடும்பத்தோட இன்சூரன்ஸ், ஓட்டு போடும்போது அந்தப் பையனையும் பொண்ணையும் நெனச்சுப் பாருங்க, உங்களோட காக்பிட்ல உக்காந்தவங்கதான் அவங்க.

இப்ப பேப்பர் வேலை. நான் சறுக்குனது இதுலதான். கம்பெனி குடுத்த ஐபேட்லயும் போர்ட்டல்லயும்தான் என் பறந்த மணிநேரம் மொத்தமும் இருந்துச்சு, கடைசி நாள் ஐபேட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்து லாகின் பண்ணா உள்ளயே விடல, அப்புறம் ஒவ்வொரு ரெக்கார்டா கேட்டு வாங்க ஆறு வாரம் ஆச்சு, அதுக்குள்ள ஒரு கார்கோ கம்பெனி அப்ளிகேஷன் மூடிட்டாங்க. நீங்க இன்னிக்கே லாக்புக்க இறக்குங்க, மொத்த மணிநேரம், கேப்டனா பறந்தது, ராத்திரி பறந்தது, பிளேன் வாரியா பிரிச்சது, டிரெயினிங் ரெக்கார்டு, செக்ரைடு (பறந்து காட்டற டெஸ்ட்) பேப்பர், சம்பளச் சீட்டு, எல்லாம் உங்க சொந்த டிரைவ்ல இருக்கணும். கம்பெனி ஈமெயில்ல வர்ற எந்த முக்கிய கடிதத்தையும் சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி எடுங்க.

மெடிக்கல் சர்டிபிகேட் எப்ப முடியுதுன்னு தேதியப் பாருங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் 40 வயசுக்குக் கீழன்னா 12 மாசம், 40 ஆச்சுன்னா 6 மாசம்தான், காசு இருக்கும்போதே புதுப்பிச்சுருங்க. டேக்ஆஃப் லேண்டிங் 90 நாளைக்கு மூணுங்கற கணக்கும் ஓடிட்டே இருக்கும், ஏர்லைன் திரும்பக் கூப்பிட்டா அவங்களே டிரெயினிங் குடுப்பாங்க, ஆனா வேற வேலைக்குப் போறவங்களுக்கு இது கைகொடுக்கும். இன்ஸ்ட்ரக்டர் சர்டிபிகேட் இருந்தா கடைசி 24 மாச அனுபவக் கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க, நான் அந்த மூணு மாசம் சாப்பிட்டது அதுலதான்.

இன்சூரன்ஸ் விஷயம் சிலர் தள்ளிப் போடறாங்க, போடாதீங்க. கோப்ரா (COBRA), அதாவது வேலை போனப்புறமும் கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ தொடர்ற வழி, எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண 60 நாள் தருவாங்க, பொதுவா 18 மாசம் வரைக்கும் இழுக்கலாம், ஆனா பிரீமியம் முழுசும் நம்ம தலைல, 102 சதவீதம் வரைக்கும் வாங்குவாங்க. மார்க்கெட்பிளேஸ்ல, அதாவது தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் வாங்கற அரசாங்கத் தளத்துல, வேற பிளான் மலிவா கெடைக்குதான்னு பக்கத்துல வச்சுப் பாருங்க, அங்கயும் 60 நாள்தான் கணக்கு. வேலையில்லா உதவித்தொகைக்கு மொத வாரமே போடுங்க, வேற ஸ்டேட்லேர்ந்து கம்யூட் பண்றவங்க சம்பளம் எந்த ஸ்டேட்ல ரிப்போர்ட் ஆகுதுன்னு சம்பளச் சீட்டப் பாத்துட்டுப் போடுங்க. 401கேங்கற ரிட்டயர்மென்ட் சேமிப்புப் பணத்த கடைசி வரைக்கும் தொடாதீங்க, சின்ன வயசுல எடுத்தா வரியோட 10 சதவீத அபராதமும் வெட்டுவாங்க, அதுல லோன் வாங்கியிருந்தா வேலை போனப்புறம் எப்ப கட்டணும்னு இப்பவே கேளுங்க.

மனசு தாங்கலைன்னா யூனியனோட பீர் சப்போர்ட் (peer support, சக பைலட் உதவி) லைனுக்கு போன் பண்ணுங்க, அங்க பேசறதும் ஒரு பைலட்தான். மெடிக்கல் சர்டிபிகேட் போயிருமோன்னு உள்ளயே வச்சுக்கிட்டவங்கள நான் பாத்திருக்கேன், வேண்டாம்.

வேற வேலை கெடச்சா போங்க, தப்பே இல்ல, ஆனா சேரும்போது உங்க பழைய சீனியாரிட்டி நம்பர விட்டுட்டு வான்னு எழுதிக் கேக்கறாங்களான்னு பாருங்க, சில இடத்துல கேப்பாங்க. அந்த நம்பர் ஒரு கம்பெனிலேர்ந்து இன்னொண்ணுக்கு வராது, விட்டா அடியிலேர்ந்துதான். ரீகால், அதாவது கம்பெனி திரும்பக் கூப்பிடற லெட்டர், வந்தா பல காண்ட்ராக்ட்ல சில நாளைக்குள்ள பதில் சொல்லணும், சிலதுல இப்ப வரலை அடுத்த தடவ கூப்பிடுன்னு சொல்லவும் எடம் உண்டு, உங்களோடதுல எத்தன நாள்னு காலண்டர்ல எழுதுங்க. லெட்டர் ரெஜிஸ்டர் தபால்ல பழைய வீட்டுக்குப் போய் நம்பரே போச்சுன்னு ஆகக் கூடாது, வீடு மாறுன அன்னிக்கே கம்பெனிக்கும் யூனியனுக்கும் தனித்தனியா எழுத்துல குடுங்க, குடுத்ததுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.