மரச்சட்டச் சுவருக்கு பிரிக் ஸ்லிப்: கல்லுக்குப் பின்னால் இருக்கிற வேலை

பிரிக் ஸ்லிப் போட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் பேசுவது நிறம். அடுத்தது, "நிஜச் செங்கல் மாதிரியே தெரியுமா?" தெரியும். சுட்ட செங்கல்லின் முகத்தைத்தான் 20 மில்லிமீட்டர் கனத்துக்கு எடுத்து ஒட்டுகிறோம், தெரியாமல் என்ன. நிறப் பேச்சை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். மரச்சட்டக் கட்டடத்தில் இந்த வேலை கெட்டுப்போகிற இடமெல்லாம் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் பேச்சையும் அங்கிருந்து தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம்.

முதலில் எடை. அரைக் கல் கனத்தில் கட்டிய செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ வரும். அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். 20 மில்லிமீட்டர் ஸ்லிப் 40 கிலோவை ஒட்டி நிற்கும். லேசுதான், ஆனால் இந்த எடை தரையில் உட்காராமல் முழுக்க மரச்சட்டத்தில் தொங்குகிறது. பலகை, பசை, கல் இடுக்கை நிரப்புகிற பாயிண்டிங் கலவை எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லி, கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சாரம் கட்டுங்கள்.

அடுத்தது மரத்தின் குணம். மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் வராது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால் குறுக்களவு சுமார் 1 சதவீதம் குறையும் என்பது கைக்கணக்கு. 240 மில்லிமீட்டர் உயரமுள்ள தளக்கட்டை 20 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் 5 மில்லிமீட்டர் போய்விடும். அதன் மேலும் கீழும் படுத்திருக்கிற சட்டங்கள் தம் பங்குக்குக் கொஞ்சம் சுருங்கும். நிற்கிற கட்டைகள் அப்படியே இருக்க, தளம் இருக்கிற மட்டத்தில் மட்டும் கட்டடம் அமுங்கும். அந்த மட்டத்தைத் தாண்டி ஒரே பலகையை அடித்து, மேலே ஸ்லிப் ஒட்டிவிட்டால் அமுங்குகிற சட்டம் பலகையை நெருக்கும், பலகை புடைக்கும், கல் தெறிக்கும். ஆகவே ஒவ்வொரு தள மட்டத்திலும் குறுக்கே ஒரு விரிவு ஜாயிண்ட், 10 முதல் 15 மில்லிமீட்டர். பலகை, அதற்குப் பின்னால் அடிக்கிற மெல்லிய மரப்பட்டியான ரீப்பர், கல் மூன்றும் அந்த இடத்தில் அறுபட்டிருக்க வேண்டும். கல்லில் மட்டும் கோடு விட்டுவிட்டு உள்ளே ரீப்பரைத் தொடர்ச்சியாக ஓட்டினால் அந்தக் கோடு வெறும் அலங்காரம். வேலை தொடங்குமுன் ஈரமானியை மரத்தில் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூடாதீர்கள், காத்திருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பாயிண்டிங் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் காற்றோடு அடிக்கிற மழை எங்கேயாவது உள்ளே நுழையும். நுழையும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். நியூசிலாந்தில் 1990களில், பதப்படுத்தாத மரச்சட்டத்தின் மேல் காற்றிடைவெளி விடாமல் பூச்சால் மூடிய வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளுக்குள் அழுகிப்போயின. வெளியே பார்த்தால் புது வீடு, உள்ளே கட்டை விரலால் அமுக்கினால் குழியும் மரம்.

அடுக்கு இப்படி வரும். சட்டத்தின் மேல் அடித்த பலகையில் ஆவி போக விடுகிற, நீர் புக விடாத சவ்வுத் துணி. கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போங்கள், மேல் துண்டு கீழ்த்துண்டின் மேல் 100 மில்லிமீட்டராவது படியட்டும். அதன் மேல் பதப்படுத்திய ரீப்பர், செங்குத்தாக மட்டும். ரீப்பர் ஆணி பின்னால் இருக்கிற நிற்கும் கட்டையில் ஏற வேண்டும், வெறும் பலகையில் ஏறினால் பிடிப்பு கிடையாது. கட்டை எங்கே நிற்கிறது என்பதைத் துணி போர்த்தும்போதே அதன் மேல் கோடு போட்டுவிடுங்கள். ரீப்பரின் மேல் ஸ்லிப் ஒட்டுகிற பலகை. துணிக்கும் அந்தப் பலகைக்கும் நடுவே குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி, கீழேயும் மேலேயும் திறப்பு, திறப்பில் பூச்சி புகாத வலை. அடிவரி தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் மேலே தொடங்கட்டும். தோட்டத்து மண்ணைச் சுவர் வரை அணைத்துவிடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள், ஓதம் அவர்களிடம்தான் முதலில் போகும்.

காற்று போகிற வழி நெருப்புக்கும் வழி. சுட்ட மண் எரியாது, ஆனால் பின்னால் இருக்கிற மரமும் துணியும் நுரைக் காப்பும் எரியும். தள மட்டங்களில் தீத்தடுப்புப் பட்டை வைக்க வேண்டும். சாதாரண நாளில் காற்றுக்கு இடம் விட்டு, சூடு பட்டதும் உப்பி அடைத்துக்கொள்கிற வகை கிடைக்கிறது. ஜன்னல், கதவைச் சுற்றிலும் தடுப்பு வேண்டும். பலகை ஒருவரிடம், பசை இன்னொருவரிடம் என்று வாங்கிச் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. முழு அடுக்கும் சேர்த்துச் சோதிக்கப்பட்ட ஒரே அமைப்பாக வாங்குங்கள், சோதனை அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். உயரமான கட்டடத்துக்கு இது இன்னும் கறார்.

பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மெக்னீசியம் ஆக்சைடு பலகை லேசாக இருக்கும், எரியாது, அறுப்பது சுலபம். டென்மார்க்கில் 2010க்குப் பிறகு சில ஆண்டுகள் வெளிச்சுவரில் இதைத் தாராளமாகப் போட்டார்கள். மெக்னீசியம் குளோரைடு சேர்த்துச் செய்த அந்தப் பலகை ஈரக்காற்றை உறிஞ்சி உப்புத் தண்ணீராகக் கசிந்தது. ஆணிகள் துருப்பிடித்தன, கீழே இருந்த மரம் நனைந்தது. குளோரைடு இல்லாத வகைகளும் உண்டு, என்றாலும் நான் சிமெண்ட் பலகைக்கே போவேன். திருகாணி துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். பதப்படுத்திய மரத்தில் இருக்கிற செம்பு, நாகப்பூச்சு ஆணியை அரித்துவிடும்.

இப்போது கல். 215க்கு 65 அளவு, கல்லுக்குக் கல் 10 மில்லிமீட்டர் ஜாயிண்ட் என்றால் சதுர மீட்டருக்கு 60 கல். ஒரு வரியின் உயரம் 75 மில்லிமீட்டர். ஜன்னல் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வரிகளை ஒரு குச்சியில் குறித்து, அந்தக் குச்சியைச் சுவர் முழுக்கக் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கேயாவது விரல் அகலத் துண்டு விழுகிறதென்றால் ஜாயிண்டை ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய இதுதான் நேரம். மூலைக்கு எல் வடிவக் கல் தனியாக வரும், மூலையிலிருந்து தொடங்கி நூல் பிடித்து உள்ளே வாருங்கள். மூலையில் இரண்டு தட்டைக் கல்லை முட்டுக் கொடுத்தால் வேஷம் அங்கேயே கலைந்துவிடும்.

மூன்று நான்கு பெட்டியைத் திறந்து கலந்து எடுத்தால் நிறம் திட்டுத் திட்டாக வராது. நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவே.

பசைப் பையில் சி2டிஇ எஸ்1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகப் பிடிக்கும், வழுக்கி இறங்காது, சீக்கிரம் தோல் கட்டாது, மரம் அசைந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் என்று பொருள். பல் கரண்டியால் பலகையில் இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லப் பூசி, லேசாக நெளித்து அமுக்குங்கள். அப்புறம் அவ்வப்போது ஒட்டிய கல் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். முதுகு முழுக்கப் பசை ஈரமாகப் படிந்திருந்தால் நல்லது. பல் வரிகள் அமுங்காமல் கோடு கோடாகத் தெரிந்தால் பசை காய்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தப் பரப்பைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டுகிற ஆளைச் சாரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். அந்தப் பொந்தில் தண்ணீர் தங்கும், குளிர் நாட்டில் உறைந்து கல்லைத் தள்ளும். 5 டிகிரிக்குக் கீழே ஒட்டவே கூடாது.

பசை இறுகிய பிறகு, பெரும்பாலும் மறுநாள், கலவை பீச்சுகிற துப்பாக்கியால் ஜாயிண்டை நிரப்புங்கள். உடனே தேய்க்கக் கூடாது. கட்டைவிரலை வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அந்தப் பதத்தில் வளைந்த கம்பியால் உள்குழிவாக இழுத்து அழுத்துங்கள். முந்தினால் கல் முகத்தில் இழுவி வெள்ளைத் தடம் பதியும். செங்குத்து விரிவு ஜாயிண்ட் ஐந்தாறு மீட்டருக்கு ஒன்று என்பது பொதுவான அளவு, உற்பத்தியாளர் வேறு சொன்னால் அதன்படி. அதில் கலவை விழாமல் பார்த்துக்கொண்டு, நுரைக் கயிறு திணித்து அதன் மேல் சீலண்ட் விடுங்கள். சீலண்ட் இரு பக்கக் கல்லை மட்டும் பிடிக்க வேண்டும், அடியையும் பிடித்தால் கிழியும்.

ஜன்னலுக்கு மேலே, உள்ளே வந்த நீரை வெளியே தள்ளுகிற தகடு. அது சவ்வுத் துணிக்கு அடியில் சொருகியிருக்க வேண்டும். ஜன்னலின் கீழ்ப்படி சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு, நீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிடுகிற காடியோடு இருக்கட்டும்.

விளக்கு, குழாய்ப் பிடி, வெயில் மறைப்பு இதெல்லாம் பின்னால் வரும். ஸ்லிப்பில் துளை போட்டு எதையும் தொங்கவிட முடியாது, சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். என்னென்ன எங்கே வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அந்த இடங்களில் கட்டைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை வைத்து, பலகை மூடுமுன் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.