ஆதித் திருச்சபை வரலாறு: முதல் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆர்வத்தோடு தடித்த வரலாற்று நூல் ஒன்றை எடுத்து, பெயர்களும் ஆயர்கள் கூடிய சங்கங்களும் குழப்பியதும் பாதியில் மூடிவைப்பவர்கள் நிறைய. இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: அந்தக் காலத்தவர் எழுதியதையே முதலில் படியுங்கள்

ஆதிச் சபையின் நடைமுறைக் கையேடான 'திதாக்கே' 16 சிறு அதிகாரங்கள்தான். ஞானஸ்நானத்துக்கு ஓடும் தண்ணீர் இல்லையா, வேறு தண்ணீர். அதுவும் போதவில்லையா, தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. அடுத்து, கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் தம் மதத்தவருக்காக வாதாடி கி.பி. 155 வாக்கில் ரோமப் பேரரசருக்கு எழுதிய முதல் விண்ணப்பத்தின் 67ஆம் அதிகாரம். ஞாயிறன்று ஊராரெல்லாம் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. வராதவர்களுக்கு டீக்கன்மார் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகிறது. எவ்வளவு பெரிய வரலாற்றாசிரியராலும் இந்த நெருக்கத்தைத் தர முடியாது!

19ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசம்தான், ஆனால் நடை கரடுமுரடு. அடிக்குறிப்புள்ள புதிய பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 2: வரலாற்று நூலை வாங்குமுன் நிசேயாவைத் தேடுங்கள்

பின்பக்கச் சொல்லடைவில் 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கத்தைத் தேடி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பைபிளில் எந்த நூல்கள் இருக்கவேண்டும் என்று அங்கேதான் முடிவெடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அச்சங்கத்தின் 20 விதிகளில் அந்தப் பேச்சே இல்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களும் அப்படியே வரும் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில்தான் பார்க்கிறோம்.

படி 3: எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்

இரகசிய ஞானத்தால் மீட்பு என்று நம்பிய ஞானக்கொள்கையினரின் (Gnostics) எழுத்துகள் பல அடங்கிய பழஞ்சுவடிகள் 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்தன. அதற்கு முந்தைய நூல்கள் அவர்களைப் பெரும்பாலும் ஆயர் ஐரேனியு போன்ற எதிராளிகளின் வாய்வழியாகவே அறிந்தவை.

படி 4: கோட்பாட்டு நூல் கடைசியில்

325இன் விசுவாச அறிக்கை பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரே சொற்றொடரோடு நின்றுவிடும். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் அறிக்கையில் அது விரிகிறது. இடைப்பட்ட 56 ஆண்டுகளில் யார் யாரோடு எதற்காக வாதாடினார்கள் என்று காட்டும் நூலே நல்ல நூல். கிறிஸ்துவின் தெய்வ, மனித இயல்புகள் பற்றிய 451இன் கால்சிதோன் சங்கத் தீர்மானத்தை ஏற்காத காப்டிக், ஆர்மீனிய, சிரியத் திருச்சபைகளின் தரப்பையும் அவர்களுடைய சொற்களிலேயே அது சொல்லவேண்டும்.

ஆசிரியர் ஒரு சபையைச் சார்ந்தவராக இருப்பது குறையே அல்ல. முதல் நூல் கத்தோலிக்கர் எழுதியது என்றால், இரண்டாவதை ஆர்த்தடாக்ஸ் அல்லது புராட்டஸ்டன்ட் ஆசிரியரிடமிருந்து எடுங்கள்.