35 அங்குல டயரும் கேம்பரின் எடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் வண்டியின் முதுகில் கேம்பரை (தங்கிப் படுப்பதற்கான சிறு வீட்டுக்கூட்டை) ஏற்றிக்கொண்டு கொலராடோ, யூட்டா, அரிசோனா பக்கம் புறப்படும் புதியவர்கள், டயர் விஷயத்தில் ஒவ்வொரு கோடையிலும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். என்னைப் போன்றவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் செய்தவையும் இவைதாம். போல்ட் துளை பொருந்தாத சக்கரம், வழுக்கையான டயர் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுகிறவையே பணத்துக்கும் சில வேளை உயிருக்கும் உலை வைக்கின்றன.

எடை தெரியாமல் டயர் பார்ப்பது

கேம்பரின் விளம்பரத்தாளில் இருப்பது பெரும்பாலும் வெறுங்கூட்டின் எடை. தண்ணீர், கேஸ், உணவு, உடை எதுவும் அதில் சேராது. 150 லிட்டர் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. ஆகவே தொட்டியை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, புறப்படுகிற கோலத்திலேயே வண்டியை நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக எடை அச்சிட்டுத் தருவார்கள். கேம்பரின் பாரத்தில் பெரும்பங்கு பின் அச்சின் மேல்தான் இறங்கும் என்பதால், அந்த எண்ணை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள லேபிளின் பின் அச்சு வரம்போடு ஒப்பிட்ட பிறகே டயர் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பெரிய டயர் அதிகம் தாங்கும் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஓர் எடைமேடையில், ஃபோர்டு எஃப்-350 பிக்கப்பில் கேம்பர் ஏற்றி வந்த தமிழ் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய சீட்டில் பின் அச்சு 6,940 பவுண்டு என்றிருந்தது. அச்சின் வரம்பு ஏழாயிரத்துக்குச் சற்று மேல் என்பதால் அவர் நிம்மதியாக இருந்தார். பின் டயர்களின் அடிப்பகுதி பிதுங்கியிருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. குனிந்து, டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் படிந்திருந்த செம்மண்ணை விரலால் துடைத்து, ரிம்முக்கு அருகே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்: டயர் சூடேறாத நிலையில் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றுக்கு அதிகபட்சம் 3,195 பவுண்டு. இரண்டு டயருக்கும் சேர்த்து 6,390. ஃபீனிக்ஸின் வெயிலில் கிளம்பி, ஐ-17 நெடுஞ்சாலையின் நீண்ட ஏற்றங்கள் முழுவதையும் அவர் 550 பவுண்டு மிகைப் பாரத்தோடு கடந்து வந்திருக்கிறார்.

“அண்ணா, பழசைவிட இது பெரிய டயர்தானே? இதுவும் இ ரேஞ்ச், பத்து பிளைன்னுதானே கடையில சொன்னாங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இ ரேஞ்ச், பத்து பிளை என்பவை டயரின் உறுதியைக் குறிக்கும் வகுப்புப் பெயர்கள். வண்டியோடு வந்த டயர் எல்டி275/65ஆர்20 (எல்டி என்றால் லைட் டிரக் வகை), லோடு இண்டெக்ஸ் எனும் தாங்குதிறன் குறியெண் 126. அதாவது 80 பிஎஸ்ஐ காற்றில் 1,700 கிலோ, 3,750 பவுண்டு. அவர் மாற்றியது 35×12.50ஆர்20, லோடு இண்டெக்ஸ் 121; அதாவது 1,450 கிலோ. விட்டத்தில் கூடியது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. தாங்குதிறனில் இழந்தது டயருக்கு 555 பவுண்டு, அச்சுக்கு 1,110 பவுண்டு. இரண்டிலும் இ என்ற எழுத்து இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. பாரத்தைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளே அடைபட்ட காற்று. டயர் அகலமாக ஆக, அதே அழுத்தத்தில் அதன் இழைகள் மேல் விழும் இழுவிசை கூடுவதால், இந்த அகல அளவுக்கு இ ரேஞ்சில் 65 பிஎஸ்ஐயோடு நிறுத்திவிடுகிறார்கள். கூடுதலாக அடித்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

இதற்காக அவர் செலவழித்தது டயருக்கு மட்டுமன்று. 12.50 அங்குல அகல டயருக்குக் குறைந்தது 8.5 அங்குல ரிம் வேண்டும். வண்டியோடு வந்தது 8 அங்குலம். ஆகவே நான்கு புதிய சக்கரங்களையும் வாங்க வைத்திருக்கிறார்கள். வண்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று கடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தண்ணீரை வடித்து, ஜெனரேட்டரையும் பெட்டிகளையும் உடன்வந்த நண்பரின் வண்டிக்கு மாற்றி, மறுபடி எடை போட்டு, வரம்புக்குள் வந்த பிறகே அவர் கிளம்பினார்.

35 அங்குலம் வேண்டுமென்றே தோன்றினால் எல்டி295/65ஆர்20 இ ரேஞ்ச் இருக்கிறது. விட்டம் அதே 35 அங்குலம். லோடு இண்டெக்ஸ் 129, 4,080 பவுண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது எங்கேயும் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சின் வரம்பு இதனால் ஒரு பவுண்டுகூட உயராது.

சக்கரத்தின் வரம்பைப் படிக்காதது

சக்கரத்துக்கும் தனி வரம்பு உண்டு; பெரும்பாலும் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். டயர் 3,640 பவுண்டு தாங்கினாலும் சக்கரம் 2,500 பவுண்டுக்கு வார்க்கப்பட்டதென்றால், உங்கள் கணக்கு 2,500 தான். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் நெகட்டிவ் ஆஃப்செட், பாரம் சுமக்கும் வண்டியில் பேரிங்குக்குக் கேடு.

கார் டயரின் கணக்கை அப்படியே எடுப்பது

எஃப்-150 போன்ற சிறிய பிக்கப்புகள் பல பி-மெட்ரிக் எனும் கார் டயரோடு வருகின்றன. பிக்கப்பில் அதன் தாங்குதிறனை 1.10 ஆல் வகுக்க வேண்டும். 116 என்ற இண்டெக்ஸின் 1,250 கிலோ ஏறத்தாழ 1,136 கிலோவாகக் குறையும். எல்டி டயருக்கு மாறியவர்கள் பழைய 35 பிஎஸ்ஐயிலேயே ஓட்டுவது அதைவிட மோசம். அதே பாரத்துக்கு எல்டிக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

எஸ்டி டயர்

அளவின் முன் எஸ்டி என்று போட்டிருக்கும் டயர் டிரெய்லருக்கு மட்டும்.

பின்னால் இரட்டைச் சக்கரம்

லோடு இண்டெக்ஸ் 121/118 என்றிருந்தால், இரட்டைச் சக்கரத்துக்கான இரண்டாவது எண்ணே உங்களுடையது: டயருக்கு 1,320 கிலோ.

கியரை மறப்பது

33 அங்குலத்திலிருந்து 35க்குப் போனால் 3.73 கியர் விகிதமுள்ள பின் அச்சு ஏறத்தாழ 3.5 போல நடந்துகொள்ளும். 11,000 அடிக்கு மேலே உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஐ-70இல் ஏறும்போது இன்ஜின் திணறும். இறக்கத்தில் கியரின் பிடிப்பும் குறையும். ஸ்பீடாமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்.

19.5 அங்குலத்துக்குத் தாவுவது

19.5 அங்குலச் சக்கரத்துக்கான 225/70ஆர்19.5 ஜி ரேஞ்ச் போன்ற வணிக லாரி டயர்கள் உறுதியானவை. கேம்பரை நிரந்தரமாகச் சுமக்கும் வண்டிக்கு நானே பரிந்துரைப்பேன். வாரநாட்களில் கேம்பரை இறக்கிவிட்டு அலுவலகம் போகிறவருக்கு அதன் விறைப்பு முதுகைப் பதம் பார்த்துவிடும்.

காற்று

டயர் நிறுவனத்தின் பார அட்டவணையில் உங்கள் பின் அச்சு எடையைப் பார்த்து, காலையில் வண்டி நகரும் முன் அடியுங்கள். கதவு லேபிளில் உள்ள அளவுக்குக் கீழே போக வேண்டாம். ஏற்றம் ஏறி நின்றதும் டயர் சூடாகி அளவு கூடித் தெரியும். அப்போது காற்றை இறக்காதீர்கள்.