ஆட்டுக்கால் சூப்: கவிச்சி வராமல், சப்பென்று போகாமல் வைக்கும் முறை

வீட்டில் வைக்கும் ஆட்டுக்கால் சூப்பில் பெரும்பாலும் இரண்டு குறைகள்தான் வரும். ஒன்று, மூக்கில் ஏறும் கவிச்சி. இன்னொன்று, மிளகுத் தண்ணீர் மாதிரி வாயில் நிற்காமல் ஓடுவது. முதலாவது கழுவுவதில் விட்ட பிழை. இரண்டாவது எலும்பு வாங்கும்போதும் தண்ணீர் ஊற்றும்போதும் விட்ட பிழை. மசாலாவைக் கூட்டி இரண்டையும் மறைக்கப் பார்ப்பார்கள். மறையாது, காரம்தான் ஏறும்.

கறிக்கடையில்

காலில் கறி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தோல், ஜவ்வு, தசைநார், மூட்டு, அவ்வளவுதான். இவற்றில் இருக்கும் கொலாஜன் நெடுநேரம் வெந்து ஜெலட்டினாகக் கரைந்து வருவதால்தான் சூப் குடித்ததும் உதடு லேசாக ஒட்டுகிறது. ஆனால் காலை மட்டும் போட்டால் பிசுபிசுப்பு வருமே தவிர, கறி ருசி அவ்வளவாக இறங்காது. அதற்குச் சதை ஒட்டிய எலும்பு வேண்டும். நெஞ்செலும்பில் சதை, குருத்தெலும்பு, கொஞ்சம் கொழுப்பு எல்லாம் இருக்கும். ஆகவே ஒரு ஆட்டின் 4 காலுக்கு 250 கிராம் நெஞ்செலும்பு என்ற கணக்கில் வாங்குங்கள். நல்லி எலும்பு சேர்த்தால் கொழுப்பு தாராளமாக மிதக்கும். முதல் தடவை வைப்பவர்களுக்கு அது வேண்டாம்.

காலைத் தீயில் வாட்டி, குளம்பை எடுத்து, ஒரு காலை நாலு துண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரே வெட்டில் துண்டு விழவேண்டும். கொத்திக் கொத்தி வெட்டினால் எலும்புச் சில்லு சூப்பில் கலந்துவிடும், குழந்தைகளுக்குக் கொடுக்கவே பயமாக இருக்கும்.

கழுவுவது

பாதி வேலை இங்கேதான். வாட்டிய காலில் கருகல் படிந்திருக்கும், ஆங்காங்கே முடியின் அடிக்கட்டையும் நிற்கும். சுடுதண்ணீரில் 5 நிமிடம் ஊறவிட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, தோல் வெளிர் மஞ்சளாகத் தெரியும்வரை சுரண்டுங்கள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருக்கக்கூடாது. கருகலை விட்டால் சூப் கசக்கும்.

பலர் விட்டுவிடும் இடம் விரலிடுக்கு. அங்கே முடி மறைந்திருக்கும். செம்மறியாட்டுக் கால் என்றால் அந்த இடுக்கில் மெழுகு மாதிரி கசியும் ஒரு சின்னச் சுரப்பியும் உண்டு. கத்தி நுனியால் பிளந்து அந்த இடத்தைத் தோலோடு வெட்டி எறிந்துவிடுங்கள். எத்தனை தடவை கழுவினாலும் போகாத வாடைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு அரை டீஸ்பூன் மஞ்சள்தூளும் ஒரு கைப்பிடி கோதுமை மாவும் போட்டு 2 நிமிடம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மாவு அழுக்கையும் பிசுக்கையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வந்துவிடும்.

முதல் கொதியைக் கொட்டுங்கள்

கால், நெஞ்செலும்பு இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதித்ததும் சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு வரும். எலும்பில் தங்கிய ரத்தமும் மற்ற புரதமும் சூட்டில் உறைந்து மேலே வருவதுதான் அது. 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் குழாயடியில் காட்டி அலசுங்கள். எடுத்த எடுப்பிலேயே கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், மேல்பகுதி சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் ரத்தம் வெளியே வராது.

சத்தெல்லாம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். கொலாஜன் கரைய மணிக்கணக்கு ஆகும். 5 நிமிடத்தில் போவது பெரும்பாலும் வாடைதான்.

வேகவைப்பது

5 லிட்டர் குக்கருக்கான அளவு இது. 5, 6 டம்ளர் சூப் கிடைக்கும்.

அலசிய எலும்பு
தண்ணீர் 1½ லிட்டர்
சின்ன வெங்காயம் 15, பாதியாக நறுக்கியது
பூண்டு 8 பல், இஞ்சி 1 அங்குலம், இரண்டும் தட்டியது
தக்காளி 1
கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி
மஞ்சள்தூள் ¼ டீஸ்பூன்
உப்பு 1 டீஸ்பூன்

எல்லாவற்றையும் குக்கரில் போடுங்கள். தண்ணீர் எலும்புக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றால் போதும். நாலு பேர் கூடுதலாக வருகிறார்கள் என்று இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவதுதான் சூப்பைக் கெடுக்கும் முதல் காரியம். ஆள் கூடினால் எலும்பும் கூடவேண்டும். குக்கரில் பாதிக்கு மேல் நிறைக்காதீர்கள், ஜெலட்டின் கலந்த தண்ணீர் பொங்கி விசில் வழியாகத் தெறிக்கும்.

விசில் எண்ணுவதை இதற்கு மறந்துவிடுங்கள். அடுப்புக்கு அடுப்பு, குக்கருக்குக் குக்கர் அது மாறும். முதல் விசில் வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி, சிம்மில் 45 நிமிடம் வையுங்கள். முற்றிய ஆட்டின் கால் என்றால் ஒரு மணி நேரம். குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை போவதால், திறந்த பாத்திரத்தில் 4, 5 மணி நேரம் பிடிக்கும் வேலை இதில் முடிகிறது. குக்கர் இல்லாதவர்கள் இரண்டரை லிட்டர் ஊற்றி, மேலே ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும்படி தீயை வைக்கலாம். தண்ணீர் குறைந்தால் சுடுதண்ணீர்தான் சேர்க்கவேண்டும்.

அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே சூப் தளதளவென்று கொதித்து, கொழுப்பும் தண்ணீரும் கலந்து கலங்கிவிடும். கலங்கினால் ருசி பெரிதாகக் கெடாது, ஆனால் அந்தக் கொழுப்பை அப்புறம் பிரித்தெடுக்க முடியாது.

திறந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். தோலை விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், மூட்டு கழன்றுவிடவேண்டும். இன்னொரு சோதனை: ஒரு சொட்டு சூப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஆறவிட்டு விரலைப் பிரியுங்கள். பசை மாதிரி ஒட்டிப் பிரிந்தால் பதம் சரி. ஒட்டாவிட்டால் இன்னும் 15 நிமிடம்.

மிளகும் உப்பும்

மிளகைக் குக்கரிலேயே போட்டால் ஒரு மணி நேரக் கொதியில் வாசம் போய்விடும், தொண்டையில் கமறலும் கசப்பும்தான் மிஞ்சும். 2 டீஸ்பூன் மிளகு, 1½ டீஸ்பூன் சீரகம், 1 டீஸ்பூன் மல்லி விதை மூன்றையும் வெறும் சட்டியில், சீரகம் பொரியத் தொடங்கும்வரை மட்டும் வறுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மைய அரைத்தால் அடியில் மண் மாதிரி தங்கும்.

சூப்பின் மேல் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் முக்கால்வாசி வழித்துவிடுங்கள். முழுதும் எடுத்தால் வாசம் குறையும். எடுக்காமல் விட்டால் சூப் ஆறும்போது ஆட்டுக்கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். பிறகு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் ஒரு துண்டு பட்டை, 2 கிராம்பு, ஒரு கொத்து கறிவேப்பிலை தாளித்து, தட்டிய தூளில் பாதியைப் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் சூப்பில் கொட்டுங்கள். 5 நிமிடம் கொதித்ததும் மீதித் தூளைத் தூவி மூடிவிடுங்கள்.

உப்பு இப்போதுதான் சரிபார்க்கவேண்டும். சப்பென்று இருந்தால் உடனே மசாலா டப்பாவைத் தேடாதீர்கள். ஒரு டம்ளரில் கால் டம்ளர் சூப் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள், பாத்திரத்தில் இருப்பதையும் ஒரு வாய் குடியுங்கள். டம்ளரில் உள்ளது நன்றாக இருந்தால் குறை உப்பில்தான், கால் டீஸ்பூனாகக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் இரண்டு டீஸ்பூனை ஒட்டி வரும் (கல்லுப்பு என்றால் கொஞ்சம் கூடும்). டம்ளரிலும் வெறும் உப்புக்கரிப்புதான் தெரிகிறது என்றால் தண்ணீர் அதிகம். மூடாமல் பெரிய தீயில் கால்வாசி வற்றவிடுங்கள், வற்றிய பிறகு உப்பு போடுங்கள். கார்ன்ஃபிளவர் கரைத்து ஊற்றினால் பார்க்கக் கெட்டியாக இருக்கும், ருசி ஏறாது.

பரிமாறும்போது பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் மல்லித்தழையும் போதும். எலுமிச்சை பிழிவதானால் டம்ளரில் நாலு சொட்டு, அடுப்பில் இருக்கும்போது வேண்டாம்.

கை கால் முறிந்தவர்களுக்கு இதைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் சொற்பம்தான், வினிகர் ஊற்றினாலும் அது சொற்பமாகவே இருக்கும். சாப்பாடு இறங்காதவருக்குச் சூடாக, உப்பும் புரதமுமாக ஏதோ உள்ளே போகிறது என்ற அளவில் அது நல்ல வழக்கம்தான். கால்சியத்துக்குப் பாலும் கேழ்வரகும் இருக்கின்றன.

மிஞ்சினால்

பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் திறந்தால் மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பும், அடியில் ஆட்டினால் குலுங்கும் அல்வாவும் இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், சரியாக வெந்ததற்கு அடையாளமே அந்தக் குலுங்கல்தான். தகட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தேவையான அளவை மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஃப்ரிட்ஜில் 3 நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். குலுங்காமல் தண்ணீராகவே இருந்தால், அடுத்த தடவை தண்ணீரில் கால் லிட்டரைக் குறையுங்கள்.